வெள்ளையம்மா விட்டுவிட்டுப் போன குரல்

“புள்ளைக்குக் காது வலின்னா பூண்டெண்ணெ காய்ச்சி ஊத்துடின்னு காலையிலேருந்து கத்துறேன், நீ என்னடான்னா—”

“எனக்கு நீ சொல்லிக் குடுக்காதே. நான் மூணு பெத்தவ. காதுல எண்ணெயை ஊத்துனா உள்ளுக்குள்ள போயி—”

“மூணு பெத்தே, யார் இல்லேன்னா? மூணும் மூக்கு ஒழுகிக்கிட்டேதான் வளந்துச்சு, லயமே பாத்துச்சு—”

“அடியே, என் புள்ளைங்க பேச்சை எடுத்தே, வந்து நாக்கை இழுத்து—”

“வா, வந்து இழு! நாக்கு இருந்தாத்தானே இழுப்பே!”

இந்தச் சண்டை நடந்த காலையில் வெள்ளையம்மா ஜோகூர் பாரு சிறைச்சாலையில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து தேங்காய் நார் திரித்துக்கொண்டிருந்தாள். சண்டையில் பாதி அவளுடையது. மீதிப் பாதி பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவுடையது. கிருஷ்ணம்மா இடுப்பில் வெள்ளையம்மாவின் காது வலிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நீட்டிய இடத்தில் ஒட்டடையைத் தவிர ஒன்றுமில்லை. லயத்தில், அந்தத் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், அதைக் கேட்ட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிழங்கு உரித்தவள் உரித்தாள், துணி அலசியவள் அலசினாள். குரல் வீட்டில் தங்கிவிட்டு ஆள் மட்டும் சிறைக்குப் போனது அப்போது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. கடைசியில் பூண்டெண்ணெய்தான் ஊற்றப்பட்டது, பிள்ளை தூங்கினான்.

யோங் பெங்கிலிருந்து குளுவாங் போகும் பெரிய ரோட்டில், சடக்கு என்பார்கள் அதை, இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் வருவது அட்டைமேட்டுத் தோட்டம். மலாய்க்காரர்கள் அந்தக் குன்றுக்கு வைத்திருந்த பெயரைத்தான் நம் ஆட்கள் தமிழில் சொன்னார்கள். பெயர் பொய்யில்லை, மழைக்காலத்தில் மரத்துக்கு ஒரு அட்டை காலில் ஏறும். வெள்ளையம்மா அங்கே பால் மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தின் பட்டையை உளியால் சீவிப் பால் இறக்குகிற வேலை. புருஷன் குளிர்க்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மூத்தவள் தனலெட்சுமி, பால் பல் விழுந்துகொண்டிருந்த வயது. சின்னவன் சபாபதி, நடக்கக் கற்றும் நடக்கப் பிடிக்காத பிள்ளை. வேலைக்குப் போகிற தாய்மார் எல்லோரையும் போல அவளும் விடிவதற்கு முன்னால் சின்னவனை ஆயாக் கொட்டகையில் தூளியில் போட்டுவிட்டுப் போவாள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். ஸ்டோருக்குப் பால் கொண்டுபோகிற வழியில், வாளியோடு கொட்டகைக்குள் நுழைந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பின்னாலேயே கங்காணி ஐயாசாமி வந்தார். “பால் கட்டிப்போகுது, இங்க என்ன சீராட்டு வேண்டிக்கெடக்கு?” என்றார். என்றவர் காலால் தூளியை ஒரு எத்து எத்தினார். பிள்ளை தரையில் விழுந்தான்.

எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறவள் வெள்ளையம்மா. உளி தொலைந்தாலும் கத்துவாள், கிடைத்தாலும் கத்துவாள். அன்று ஒரு சொல் பேசவில்லை. வாளியைத் தூக்கி, தளும்பத் தளும்ப இருந்த ரப்பர் பாலைக் கங்காணியின் தலையில் நிதானமாகக் கவிழ்த்தாள். அவர் ஆற்றுக்கு ஓடிப்போய்ச் சேருவதற்குள் பால் உறைந்துவிட்டது. தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் ஒரே தகடு. மொத்தமாகச் சிரைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலையில் முடி முளைத்தது. மீசையும் முளைத்தது. புருவம் மட்டும் கடைசிவரை முளைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, அப்போதுதான் ஏதோ கெட்ட சேதி கேட்டவர் போலவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் யோங் பெங்கிலிருந்து மாத்தா-மாத்தா என்று அங்கே சொல்கிற போலீஸ்காரர்கள் இரண்டு பேர் லாரியோடு வந்தார்கள். வெள்ளையம்மா பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து அழைத்துப்போனபோது முரண்டு பண்ணவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. “தனம், தம்பி தலைய நல்லாத் தொவட்டு. அரிசியில கல்லு கெடக்கும், பொறுக்கிட்டுக் களை. அவன் பாயில ஒண்ணுக்குப் போனா அடிக்காதே, பாயை வெயில்ல போடு. கங்காணி வீட்டு ஆளு வந்து கூப்புட்டா போகாதே, மிட்டாய் குடுத்தாலும் போகாதே, அம்மா சொன்னேன்னு சொல்லு, வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லு...” லாரி கிளம்பியது. செம்மண் பாதை வளைவில் திரும்பி மறைந்தது. பேச்சு நிற்கவில்லை. “...கதவுக்குக் கட்டையக் குடு, தலைய வாரிக்க, பேனு வந்துச்சு பாத்துக்க” என்று வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும் அவளையும் லயத்தையும் மாறி மாறிப் பார்த்து “அலமாக்” என்றாராம், மலாயில் ஐயோ என்று.

லயம் கூடிவிட்டது. கிருஷ்ணம்மாவின் புருஷன் லெட்சுமணன் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், அடுப்படி, பரண், கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தார். அவர் பேச்சுக்குச் சிக்கனம் பிடிக்கிற மனுஷர். வெளியே வந்து, “ஆள் இல்ல. சத்தம் மட்டுந்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். லயத்து வீடுகளின் நடுச்சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே ஒரே கூரைதான் எல்லோருக்கும். ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அந்தக் கூரைக்கடியில்தான் வெள்ளையம்மாவின் குரல் சுற்றிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் கொஞ்சம் கரகரத்தது. வெயிலில் தெளிந்தது. லயக் கோடியிலிருந்த தண்ணீர்க் குழாயைத் தாண்டி அதனால் போக முடியவில்லை. குழாய்க்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடப் போனால், இந்தப் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

குரல் இருந்தது சரி. குரலுக்குக் கை இல்லை. அரிசியைக் களை என்று அது சொல்லலாம், களைய முடியாது. அன்று இருட்டியதும் தனம் அடுப்பு மூட்டத் தெரியாமல் ஊதி ஊதி அழுதாள். “புள்ளை கையச் சுட்டுக்கப்போறா. யாராச்சும் வாங்களேன்,” என்றது குரல். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மாவுக்கு அந்த ‘யாராச்சும்’ சுருக்கென்று குத்தியது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு தீபாவளி போயிருந்தது. கிருஷ்ணம்மா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் சுவர் தாண்டிப் போனதும், அது யார் வீட்டுச் சேவல் என்று பார்க்காமல் வெள்ளையம்மா குழம்பு வைத்ததும்தான் காரணம். குழம்பின் வாசனை அடித்தபோதே கிருஷ்ணம்மா கோயிலில் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டாள். இனி அந்தப் பொம்பளையிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. ஆனால் இப்போது உட்கார முடியவில்லை. “பக்கத்துல நான் ஒருத்தி மலை மாதிரி உக்காந்திருக்கேன், யாராச்சுமாம்!” என்று எழுந்து போய், தனத்தை ஒதுக்கிவிட்டு, அடுப்பை மூட்டி, சோறு பொங்கி, இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டு வந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. திரும்பி வந்து புருஷனிடம்தான் பொருமினாள். வேலை செய்யலாம், பதில் பேசாமல் அவளுடைய அதிகாரத்தையெல்லாம் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது? லெட்சுமணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அவகிட்ட பேசமாட்டேன்னுதானே சத்தியம்? அவதான் லாரியில போயிட்டாளே. இது சும்மா அவ சத்தம்,” என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மறுநாளிலிருந்து கிருஷ்ணம்மா பேசினாள். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். குரலும் விடவில்லை. ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே தனத்துக்குத் தலை வாரி முடிந்தது, சபாபதிக்கு முகம் கழுவி முடிந்தது. “வாய் அவ, கை நான்” என்று கிருஷ்ணம்மா குழாயடியில் சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் சலிப்பு இருந்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பெருமை என்றார்கள்.

கங்காணி ஐயாசாமி சும்மா இருக்கவில்லை. அவர் சம்சாரத்துக்குப் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது. தனம் அங்கே வரட்டும், சின்னவனைச் சிங்கப்பூரில் அநாதைப் பிள்ளைகளை வைத்திருக்கிற ஒரு இடத்தில் சேர்த்துவிடலாம் என்று ஆபீசில் போய் நின்றார். தோட்டத்துச் சட்டமும் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது பதில் சொல்கிற ஆளுக்குத்தான் லயத்தில் வீடு. ஆபீசில் பேரேடும் கணக்கும் பார்க்கிற பெரிய கிராணி சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் என்றால் சட்டம். “மாசம் முடியும்வரை பாப்பம். பெரட்டிலை மறுமொழி சொல்லாத ஆளுக்கு அதுக்குப் பிறகு அறை குடுக்கேலாது. நான் என்ன செய்யிறது,” என்றார். சேதி லயத்துக்கு வந்தது. தனம் தன் துணியைத் தானாகவே மூட்டை கட்டினாள். கிருஷ்ணம்மா அந்த மூட்டையை அவிழ்த்துப் போட்டாள். அவள் மறுபடி கட்டினாள், இவள் மறுபடி அவிழ்த்தாள்.

சிவசம்புவுக்கு ஒரு பெருமை உண்டு. பெரட்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேர் கூப்பிடுவார். தேவாரம் சொல்வதுபோல வரிசையாக, ஒரு பேர் பிசகாமல் வரும். வந்த காலத்திலிருந்து அப்படித்தான். அதில் ஒரு சங்கடமும் உண்டு. நடுவில் ஒரு பேரைத் தூக்கிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற பேரெல்லாம் குழம்பிவிடும். ஆகவே வெள்ளையம்மாவின் பேர் வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடி, மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த பேருக்குப் போய்க்கொண்டிருந்தார். மாசக் கடைசியில் ஒரு நாள் அவருக்குச் சளி, மூக்கடைத்து வாயை மூட முடியவில்லை. மனசுக்குள் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பனியில், இருட்டு விலகாத களத்தில், வாளியும் உளியுமாக நின்ற அத்தனை பேரும் கேட்க, “வெள்ளையம்மா!” என்றார்.

லயத்துப் பக்கமிருந்து, “இருக்கேன்!” என்று வந்தது.

குழாயைத் தாண்ட முடியாத குரல் அது. அன்று குழாயைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த துணிபோலக் களத்தில் வந்து விழுந்தது. யாரும் அசையவில்லை. கங்காணிதான் முதலில் தெளிந்தார். “கிராணியாரே, ஆள் எங்க? ஆளைக் காணோமே! பேயைக் கூப்பிட்டு வேலை குடுப்பீங்களா?” என்றார். சிவசம்பு கண்ணைத் திறந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “நான் பேர் கூப்பிட்டனான். மறுமொழி வந்தது. பெரட்டெண்டால் அவ்வளவுதான். ஆளைத் தொட்டுப் பாக்கவேணுமெண்டு ஒரு சட்டமும் இல்லை,” என்றார்.

“அப்ப அவ நிரையில நிக்கிற மரத்தையெல்லாம் யார் வெட்டுறது? சத்தம் வெட்டுமா?”

“நான் வெட்டுறேன்,” என்றாள் கிருஷ்ணம்மா. அவளுக்கே அவளுடைய நிரை இருந்தது. ஒருத்தி இரண்டு நிரை வெட்ட முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்றவள், “கோடியில இருக்கிற மரத்த நான் பாத்துக்கிறேன், என் நிரைக்குப் பக்கந்தான்,” என்றாள். இன்னொருத்தி ஓடையோர மரங்களைக் கேட்டாள். சந்தையில் மீன் கூறு பிரிப்பதுபோல அவர்கள் வெள்ளையம்மாவின் மரங்களைப் பிரித்துக்கொண்டார்கள். கங்காணி பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் என்ன இருந்தது என்று சொல்வதற்கில்லை, அவருக்குத்தான் எப்போதும் அதே முகமாயிற்றே. அன்று முதல் அந்த நிரையில் ஒரு மரமும் வெட்டாமல் விடப்படவில்லை. கோப்பையில் உறைந்து கிடக்கிற கெட்டிப் பாலும் குறையவில்லை. அட்டைமேட்டுப் பெண்கள் பிற்பாடு இதைச் சொல்லும்போதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்கள்.

சும்மா கிடைத்ததில்லை அது. ஒவ்வொரு காலையும் களம்வரை வந்து பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிற குரல், உச்சி வெயில்வரை முனகிக்கொண்டுதான் கிடந்தது. கிருஷ்ணம்மா ஒரு கிண்ணத்தில் சுக்குத் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். குரலுக்குக் குடிக்க வாய் இல்லை, பக்கத்தில் வைத்ததே அதற்குப் போதுமாயிருந்தது. அந்தப் பக்கம் சிறையில் வெள்ளையம்மாவை ஊமை என்று ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்தில் படுக்கிறவள் அவள் சோற்றில் கை வைத்தால்கூட ஏன் என்று கேட்க அவளிடம் ஒன்றுமில்லை. ஒரு நாள் நீதிபதி சிறையைப் பார்க்க வந்தார். ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் சொல்லலாம் என்றார். பிள்ளை பெற்ற பெண்கள் இரண்டு பேர் அழுது சொல்லி, தண்டனை குறைந்து வீட்டுக்குப் போனார்கள். வெள்ளையம்மாவின் முறை வந்தது. வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் அட்டைமேட்டில் சபாபதி ஒரு ரப்பர் கொட்டையைக் கடித்து உடைத்து உள்ளிருந்த பருப்பை வாயில் போட்டிருந்தான். அது வயிற்றுக்குள் போனால் விஷம். “துப்பு! துப்புடா! துப்புறியா இல்லியா!” என்று கூரை அதிர்ந்தது. அவன் துப்பினான். நீதிபதி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். வெள்ளையம்மா முழுத் தண்டனையையும் இருந்து தீர்த்தாள்.

கங்காணி கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். பத்து பகாட் ஊரிலிருந்து தொழிலாளர்களைப் பார்க்க வருகிற வெள்ளைக்கார அதிகாரியிடம், தாயில்லாத இரண்டு பிள்ளைகள் தெருவில் கிடக்கின்றன என்று சொல்லி அழைத்துவந்தார். அந்த அதிகாரி மெட்ராஸில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். வீட்டு வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, “இச்சிறுவர்களைப் பேணிக் காப்பவர் யாவர்?” என்று கேட்டார். கிருஷ்ணம்மா கிராணியைப் பார்த்து, “என்ன பாஷைங்க பேசுறாரு?” என்றாள். சிவசம்பு சொன்னதும் முன்னால் வந்து நின்றாள்.

“நான்தானுங்க, தொரை.”

“நீ இவர்களின் அன்னைக்கு உறவினளோ?”

“இல்லீங்க. பகையாளி.”

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாத்தீங்களா தொரை, அவளே சொல்றா!” என்றார். கிருஷ்ணம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெள்ளைக்காரரிடம் சொன்னாள்: “தொரை, சொந்தக்காரின்னா ஒரு நாள் ஒடம்புக்கு முடியல, பழையதப் போட்டேன்னு சொல்லிக்கலாம். நான் அப்படிச் சொல்ல முடியுமா? அவ திரும்பி வந்து, என் புள்ளைக்கு நீ ஒரு நாள் சோறு போடலியேன்னு குழாயடியில வச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டா, நான் இந்த லயத்துல எப்படித் தலை நிமிந்து நடக்கிறது? அவளுக்கு அந்த வார்த்தையக் குடுக்கமாட்டேன். செத்தாலும் குடுக்கமாட்டேன். புள்ளையப் பாருங்க, நகத்தப் பாருங்க, காதுக்குப் பின்னால பாருங்க. அழுக்கு இருந்தா கூட்டிட்டுப் போங்க.”

அதிகாரி குனிந்து, சபாபதியின் காதுக்குப் பின்னால் பார்த்தார். தனத்தின் பக்கம் திரும்பியபோது, கூரைக்கடியிலிருந்து, “பேச்சுதான் பெருசா இருக்கு! அந்தப் பாவாடையப் பாருங்க, கணுக்கால் தெரியுது! வெள்ளைக்காரன் முன்னால நிறுத்துறதுக்கு வேற துணியா இல்ல?” என்று வந்தது. “புள்ளை வளந்துட்டாடி! ரெண்டு மாசம் முன்னாலதான் என் கல்யாணச் சீலையக் கிழிச்சுத் தச்சேன், அதுவும் உனக்குக் கண்ணுல படலியா?” “பட்டுச்சு, பட்டுச்சு, அந்த ஊதா நெறம் அவளுக்கு எடுக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்.” “எடுக்காதா? உன்னைவிட அவளுக்கு நல்லாத்தான் எடுக்குது!” என்று சண்டை போய்க்கொண்டே இருந்தது. அதிகாரி புகைக்குழாயைப் பற்றவைத்தார், அது அணைந்தும் போனது, அவர் கவனிக்கவில்லை. தனம் நடுவில் நின்று, நல்ல மழையில் வீட்டுக்குள் நிற்கிறவள் போலச் சாதாரணமாகத் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். கடைசியில் அதிகாரி கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சிவசம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தங்களுக்காக ரெண்டு பேர் போட்டிக்கு நிண்டு சண்டை பிடிக்கிற பிள்ளையளை அநாதையெண்டு கூட்டிக்கொண்டு போகேலாதாம். இஞ்சையே இருக்கட்டுமாம்.” மற்றக் குரலுக்குச் சொந்தக்காரி எங்கே என்று அதிகாரி கேட்டார். ஜோகூர் பாருவில் என்றார் கிராணி. அப்படியா என்று தலையசைத்துவிட்டு, குடிதண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

தண்டனை முடிந்து வெள்ளையம்மா சடக்கில் இறங்கி நடந்து வந்தது ஒரு உச்சி வெயில் வேளையில். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. வீட்டுக்குள் குரல் சட்டென்று நின்றது. லயமே வாசலில் கூடி நின்று பார்த்தது, குரல் ஆளுக்குள் போவது எப்படியிருக்கும் என்று யாரும் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளையம்மா உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். “வந்துட்டியா,” என்றது குரல். “வாயைத் தொற.” அவள் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள். வாசல் வழியே செம்மண் பாதை வளைவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஒருவருக்கும் புரியவில்லை. கிருஷ்ணம்மாவுக்குப் புரிந்தது. “மறுபடி வந்து புடிச்சிட்டுப் போனா? அதான். அது வீட்டுலயே இருக்கட்டும்ங்கிறா,” என்றாள். ஒரு முறை வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவள் எல்லாவற்றையும் உடம்போடு வைத்துக்கொண்டு அலையமாட்டாள். அப்படியே ஆயிற்று. காலையில் பெரட்டுக் களத்தில் வெள்ளையம்மா வாயை மூடிக்கொண்டு நிற்பாள், லயத்திலிருந்து “இருக்கேன்” என்று வரும், சிவசம்பு கண்ணைத் திறக்காமலே அடுத்த பேருக்குப் போவார்.

ரப்பர் விலை விழுந்து, பாதித் தோட்டத்தைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலமும் வந்தது. வெள்ளையம்மா வீடு இருந்தது, கிருஷ்ணம்மா வீடு இருந்தது. தனம் யோங் பெங்கில் வாழ்க்கைப்பட்டுப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டாரிடம் குரல் சொல்லிய புத்திமதியைக் கேட்டு மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். அதற்குள் அட்டைமேட்டில் மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். சாராயம் காய்ச்சியதற்காகப் புஷ்பவள்ளியைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவள் மடிச்சூட்டை விட்டுவிட்டுப் போனாள். அவள் பாயில் படுத்த பிள்ளைகளுக்கு எந்த மழையிலும் போர்வை தேவைப்படவில்லை. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் நிழலை விட்டுவிட்டுப் போனார், அது அவருடைய பையன்களைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய் விட்டு, வெளியே நின்று கூட்டிவந்தது. லயத்தில் அந்த நிழலுக்கு வழிவிட்டு நடப்பார்கள். எந்தக் குரலாலும் சூட்டாலும் நிழலாலும் சோறு பொங்க முடியாது, அதற்கு எப்போதும் பக்கத்து வீடு இருந்தது. அட்டைமேட்டிலிருந்து ஒரு பிள்ளை வேறு வாசலில் போய் நின்றதாக யாரும் சொல்ல முடியாது. போலீஸ்காரர்களும் பழகிக்கொண்டார்கள். ஆளைப் பிடித்த பிறகு லாரியை உடனே எடுக்கமாட்டார்கள். இறங்கி நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு, “லெக்காஸ்லா, சீக்கிரம்,” என்று மட்டும் சொல்லுவார்கள்.

கூலியை உயர்த்தச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்திய வருஷம், தங்கராஜுவைத் தேடிவந்தார்கள். முந்தின வருஷம்தான் பெண்டாட்டியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. பேசத் தெரியாதவன், பாடத் தெரியாதவன், கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிறவன். வேலை நிறுத்தத்தில் மட்டும் எப்படியோ முதல் வரிசைக்கு வந்துவிட்டான். கையில் விலங்கு போட்டார்கள். லயம் முழுக்க வாசலுக்கு வந்தது. வெள்ளையம்மா வந்து அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் தன் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், தன்னிடம் அப்படி என்ன இருக்கிறது என்று தேடுகிறவன்போல லயத்துக் கூரையைப் பார்த்தான். போலீஸ்காரர் சுருட்டை முடித்து மிதித்தார். வண்டி உறுமத் தொடங்கியது. அப்போதுதான் கிருஷ்ணம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, லாரியின் பின்கதவைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“தங்கராஜு, புள்ளைங்களுக்கு நாங்க கை குடுக்கிறோம், அது எங்க பாடு. நீ என்னத்தடா விட்டுட்டுப் போறே? சீக்கிரம் சொல்லு.”